திருகோணமலையில் தம்பிக்காக உதவி தேடிய இரண்டு வருடம்

அம்மாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள், அலுமாரியின் அடித்தட்டில் இருந்த அவருடைய ரெக்சின் பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினேன். தம்பியின் பிறப்புச் சான்றிதழ், அவன் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த இதய எக்கோ அறிக்கை, மடிப்பிலேயே கிழிந்துபோன கிளினிக் துண்டுகள், மூன்று வேறு வேறு நிறுவனங்கள் கொடுத்த பதிவு அட்டைகள், யாரோ ஒரு மிஸ்ஸின் தொலைபேசி இலக்கம் எழுதிய கலண்டர் தாள். அந்த மிஸ் யார், எந்த ஒபிஸில் இருந்தவர், எதற்காக அந்த இலக்கம் என்று தெரிந்த ஒரே ஆள் அம்மாதான்.

தம்பிக்கு டவுன் சின்ட்ரோம், அப்போது வயது 24. கதைப்பான், ஆனால் பழகியவர்களுக்குத்தான் விளங்கும். தானே குளிப்பான், உடுப்பு மாற்றுவான், சந்திக் கடையில் பாண் வாங்கி வருவான், மிச்சக் காசைச் சரிபார்க்கத் தெரியாது. நான் கொழும்பில் வேலை செய்துகொண்டு மாதத்தில் ஒருமுறை வந்துபோனவள். 2023இல் அம்மா போனதும் வேலையை விட்டுவிட்டுப் பாலையூற்று வீட்டுக்கு வந்தேன். அவனைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பயமாக இருக்கவில்லை. அவனுக்கு எங்கே என்ன கிடைக்கும், யாரிடம் போய்க் கேட்பது என்பது எதுவுமே தெரியாததுதான் பயமாக இருந்தது. இதே இடத்தில் இப்போது நிற்கிற ஒரு அக்காவோ அண்ணாவோ அம்மாவோ இருப்பீர்கள் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டேன். இணையத்தில் தேடி, பட்டியல்களை இறக்கி, அதில் உள்ள இலக்கங்களுக்கு ஒவ்வொன்றாக அழைத்தேன். பாதி இலக்கங்கள் பாவனையில் இல்லை, சிலதை வேறு யாரோ எடுத்தார்கள், ஒரு முகவரியைத் தேடி ஓட்டோ பிடித்துப் போனால் அங்கே தளபாடக் கடை. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். 2004 சுனாமிக்குப் பிறகும் 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் எங்கள் மாவட்டத்துக்கு எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. சக்கர நாற்காலி கொடுத்தார்கள், பயிற்சி நடத்தினார்கள், பிள்ளைகளைப் பதிந்தார்கள். நிதி முடிந்ததும் போய்விட்டார்கள். அம்மாவின் பையில் இருந்த மூன்று அட்டைகளும் அந்தக் காலத்தவைதான். பெயர்களும் இலக்கங்களும் மட்டும் பட்டியல்களில் இன்னும் மிச்சமிருக்கின்றன. அதனால் சொல்கிறேன், பட்டியலில் இருக்கிற எதையும் நம்பி நேரே கிளம்பிப் போகாதீர்கள். யாராவது ஒருவர் போன மாதம் அங்கே போய் வந்தாரா என்று முதலில் கேளுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? கிராம சேவகரிடம். இது எல்லாருக்கும் தெரிந்த பதில்தான், ஆனால் நான் போகவில்லை, ஏனென்றால் ஜீ.எஸ். என்றால் வதிவிடச் சான்றிதழுக்கும் வாக்காளர் இடாப்புக்கும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவரிடம் போனபோது அவர் ஒரே ஒரு விஷயம்தான் செய்தார், பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் எந்த நாட்களில் ஒபிஸில் இருப்பார், எந்த நாட்களில் வெளிக்களத்துக்குப் போவார் என்று சொன்னார். அது எனக்கு மூன்று நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியது. எங்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். மாவட்டத்தில் மொத்தம் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன, மூதூரில் இருப்பவர் டவுனுக்கு வந்து கேட்டால் திருப்பி மூதூருக்குத்தான் அனுப்புவார்கள், ஆகவே உங்கள் வீடு எதற்குள் வருகிறது என்று பார்த்துப் போங்கள்.

அந்த உத்தியோகத்தர் ஒரு இளம் பெண். மேசையில் ஃபைல்கள் கழுத்தளவுக்கு அடுக்கியிருந்தன, ஆனாலும் தம்பியைப் பார்த்து "இருங்கோ தம்பி" என்று முதலில் அவனுக்குத்தான் கதிரை காட்டினார். அங்கே நான் கற்றது ஒரு கேள்வி. எழும்பும்போது, "மிஸ், இதுக்கு அடுத்ததா நான் ஆரிட்டப் போகவேணும்?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு வேறு இரண்டு பேரின் பதவியைச் சொன்னார், அதில் ஒருவர் அதே கட்டடத்தில் மாடியில் இருந்தார். அன்றிலிருந்து எந்த மேசையிலிருந்து எழும்பினாலும் இதைக் கேட்கிறேன். உதவி இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், அது அவர்களுடைய மேசையில் இல்லை என்பதால். அடுத்து யாரிடம் போவது என்று கேட்டால் ஏதாவது ஒரு பெயர் வரும்.

ஆறு மாதத்தில் அந்த மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. நான் போய் நின்றபோது அவருடைய கதிரையில் வேறொருவர், தம்பியின் பெயர் அவருக்குத் தெரியாது, நாங்கள் கொடுத்த விண்ணப்பம் எந்தக் கட்டில் இருக்கிறது என்றும் தெரியவில்லை. மறுபடியும் முதலில் இருந்து. அன்று வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். எங்கள் ஊரில் இந்த உதவிகள் எல்லாம் கட்டடத்தில் இல்லை, அந்தக் கதிரையில் அன்று இருக்கிற ஆளிடம்தான் இருக்கின்றன. வைத்தியரும் மாறுவார், ஆசிரியரும் மாறுவார், உத்தியோகத்தரும் மாறுவார். மாறாமல் இருக்கிறது நானும் தம்பியும் மட்டும்தான். அப்படியானால் எல்லா விபரமும் எங்கள் கையில் இருக்கவேண்டும்.

மறுநாள் ஒரு நீலக் ஃபைல் வாங்கினேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு தாள், அதில் தம்பியின் பெயர், பிறந்த திகதி, என்ன நிலை, என்ன மருந்து, எதற்கு ஒவ்வாமை, எப்படிக் கதைப்பான், எதற்குப் பயப்படுவான், அவசரத்துக்கு யாரை அழைப்பது. அதற்குப் பின்னால் எல்லாச் சான்றிதழ்களுக்கும் மூன்று மூன்று போட்டோக்கொப்பி. எந்த ஒபிஸில் விண்ணப்பம் கொடுத்தாலும் அதன் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குகிறேன். ஆரம்பத்தில் அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு கொப்பி, அதில் எந்த நாள் யாரைச் சந்தித்தேன், என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன். ஆளின் பெயரை விடப் பதவியைத்தான் பெரிதாக எழுதுவேன், ஏனென்றால் அடுத்த வருடம் போகும்போது பதவிதான் அங்கே இருக்கும்.

தேசிய அடையாள அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். தம்பிக்கு அது எடுத்திருக்கவில்லை. "அவனுக்கு எதுக்கு ஐ.சி." என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும், அம்மாவும் விட்டுவிட்டார். 15 வயதானால் எடுக்கலாம். உதவிப்பணம், வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரி, பயணம், எதற்கும் அது இல்லாமல் அவன் அரைவாசி ஆள் மாதிரித்தான் இருந்தான். போட்டோ ஸ்டூடியோவில் ஃபிளாஷ் அடிக்க அடிக்கக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தான், நாலாவது தடவையில்தான் சரிவந்தது, அந்த ஸ்டூடியோ அண்ணா ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.

வங்கியில் அப்படி நடக்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் தம்பியைப் பார்த்தும் பார்க்காமல், "இவருக்குக் கணக்குத் திறக்க ஏலாது, கையெழுத்து வைக்கத் தெரியாதுதானே" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். தம்பிக்கு அது முழுக்க விளங்கியது, வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நின்றுவிட்டான். இரண்டு வாரம் கழித்து, சமூக சேவை உத்தியோகத்தரின் கடிதத்தோடு போய் முகாமையாளரைக் கேட்டுச் சந்தித்தேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அங்கவீனமுற்றவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கத்தான் அது வந்தது, அதோடு அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். சண்டை பிடிக்கவில்லை. கைவிரல் அடையாளத்தோடு, என்னையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கு திறந்தார்கள். இதை எழுதுவது யாரையும் குறை சொல்ல அல்ல, கவுண்டரில் ஏலாது என்று சொன்னால் அது கடைசிப் பதில் இல்லை என்பதற்காக.

உதவிப்பணத்தைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் அங்கவீனமுள்ளவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது, முன்பு 5,000 ரூபாவாக இருந்தது, 2024இல் 7,500, 2025இல் 10,000 ஆனது. விண்ணப்பம் பிரதேச செயலகத்தில்தான். பெற்றோரில் ஒருவர் அந்தப் பணத்தைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டிருந்தால், அவர் இறந்தவுடன் உடனே போய் அறிவியுங்கள். நான் மூன்று மாதம் பிந்திப் போனேன், அந்த மூன்று மாதமும் கிடைக்கவில்லை.

இனி ஆஸ்பத்திரிக் கதை. இதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

அம்மா போய் நாலைந்து மாதத்தில் தம்பி மாறத் தொடங்கினான். காலையில் எழும்பமாட்டான். முன்பெல்லாம் பின்னேரம் ஆனால் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான் பார்க்கப் போகவேண்டும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பவன், இப்போது கூப்பிட்டாலும் வரமாட்டான். உடம்பு பருத்தது, தோல் வறண்டது, குரல் தடித்தது, மலச்சிக்கல். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "தாயை நினைச்சு உருகுது பிள்ளை" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு இடத்தில் காட்டியபோது, இப்படியான பிள்ளைகள் வளர வளர இப்படித்தான் மந்தமாவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதையும் நம்பிக்கொண்டு வந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஒரு தாதிதான், பேரப்பிள்ளையோடு வந்தவர், தம்பியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மகள், இவருக்குத் தைரொயிட் பாத்தனீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பியின் வேலை குறைவது சாதாரணமாக வருகிற ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், பையில் பழைய அறிக்கைகள் இரண்டு இருந்தன, எனக்குத்தான் அவை என்னவென்று தெரியாமல் போய்விட்டது. அன்றே டொக்டரிடம் நேராகக் கேட்டேன், எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தபோது, தைரொயிட் குறைந்தால் கூடுகிற அந்த டி.எஸ்.எச். அளவு இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு கூட. காலையில் வெறும் வயிற்றில், பிளேன்டீ குடிக்க அரை மணித்தியாலம் முன்பு ஒரு சின்ன மாத்திரை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

அம்மாவை நினைத்து அவன் உருகவில்லை என்று நான் சொல்லவில்லை. உருகினான்தான், இன்றும் அம்மாவின் சேலையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுக்கிறான். ஆனால் கவலையும் நோயும் ஒன்றாக வரலாம். எதைக் கண்டாலும் "இவர்கள் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் மருந்து இருக்கிற நோயும் தெரியாமல் போகும். பழக்கம் திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள், காது, பல், கண், வயிறு, தைரொயிட். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் அதைக் கோபமாகவோ மௌனமாகவோதான் காட்டுவார்கள். அடைத்துக்கிடந்த காது அழுக்கை எடுத்த பிறகு தம்பி டிவியின் சத்தத்தைத் தானாகவே குறைத்தான், அதுவரை அவன் பிடிவாதத்தில்தான் சத்தத்தைக் கூட்டுகிறான் என்று நினைத்திருந்தேன்.

பகலில் அவன் போய் இருக்க ஒரு இடம் கிடைத்ததும் அதே கிளினிக் வரிசையில்தான். கிண்ணியாவிலிருந்து மகளோடு வரும் ஒரு ராத்தா சொன்னார். அவருக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது, தமிழ், முஸ்லிம் தாய்மார்கள், கந்தளாயிலிருந்து இரண்டு சிங்களத் தாய்மாரும்கூட. குரல் பதிவு அனுப்புவார்கள், யாராவது மொழிபெயர்ப்பார்கள். எந்த மருந்து எந்த மருந்தகத்தில் வந்திருக்கிறது, எந்த நாளில் பேச்சுப் பயிற்சியாளர் வருகிறார், கொழும்பிலிருந்து சிங்களத்தில் வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் அந்தக் குழுவில் தெரியும். நான் இணையத்தில் ஒரு மாதம் தேடியும் கிடைக்காததை அந்த வரிசையில் ஒரு காலையில் தெரிந்துகொண்டேன். கிளினிக்குக்குப் போனால் போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், பக்கத்தில் இருக்கிறவரோடு கதையுங்கள்.

அந்தப் பகல்நேர நிலையத்துக்கு நான் முதலில் தம்பி இல்லாமல் தனியாகப் போனேன், சொல்லாமல் போனேன். கழிவறை சுத்தமா, கதவு உள்ளே பூட்டுமா, பெண் பிள்ளைகளுக்குத் தனியாக இருக்கிறதா என்று பார்த்தேன். வாயிற்கதவு வெளியால் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். அங்கே இருக்கிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, வளர்ந்த ஆணைக் "குழந்தை" என்கிறார்களா, ஒருவர் சாப்பிட மறுத்தால் என்ன செய்கிறார்கள் என்று ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். சுவரில் பெரிய படங்கள், வந்துபோன பிரமுகர்களின் போட்டோக்கள் இருந்தால் எனக்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு பையன் சோற்றைத் தட்டிவிட்டபோது, அங்கிருந்த அக்கா சத்தம் போடாமல் பக்கத்தில் இருந்து, தானும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் தம்பியைச் சேர்த்தேன். வாரத்தில் மூன்று நாள் போகிறான், காகித உறை ஒட்டுகிறான், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறான். முதல் வாரம் முழுக்க மாமரத்துக்குக் கீழேதான் இருந்தான், உள்ளே வரவில்லை. அவர்களும் வற்புறுத்தவில்லை, அவனுடைய கதிரையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு, அதை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தங்கச்சியோடு அலைந்து கற்றேன். அவளுடைய மகனுக்கு அப்போது மூன்று வயது, பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பமாட்டான். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம்" என்று மாமியார் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் போய்விட்டது. பிள்ளை பிறந்ததும் கொடுக்கிற சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் எந்த வயதில் என்ன செய்யவேண்டும் என்று இருக்கிறது, அதைத் திறந்து உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று சொல்கிறவரிடம், காட்டுங்கள். அவர்தான் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கும் அங்கிருந்து பிள்ளை வைத்தியரிடமும் அனுப்புவார். பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் காது கேட்கிறதா என்று முறையாகப் பரிசோதிக்கவேண்டும், பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது போதாது. இந்தப் பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்டது, பிறகு ஓட்டிசம் என்று சொன்னார்கள்.

தமிழில் கதைக்கிற பேச்சுப் பயிற்சியாளர் கிடைப்பது உண்மையிலேயே கஷ்டம். அதனால் கொழும்புப் பக்கம் போகவேண்டி வரலாம். ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயத்தி நிலையம் இருக்கிறது, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கானது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரயில் பாதை ராகம வழியாகத்தான் போகிறது, உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்று ஸ்டேஷனில் கேட்டு ஏறினால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை போய்த் திரும்பத் தேவையில்லை. போவதற்கு முன் எழுத்தில் அனுப்புக் கடிதமும் நாளும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சொல்லித் தருகிற பயிற்சியைப் போனில் வீடியோ எடுக்க அனுமதி கேளுங்கள், மாதம் ஒருமுறை அரை மணித்தியாலத்தை விட, வீட்டில் தினமும் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் செய்வதுதான் பிள்ளைக்குப் பலன் தருகிறது. தங்கச்சி அப்படித்தான் செய்தாள், அவன் இப்போது தண்ணீர் வேண்டும் என்றால் படத்தைக் காட்டுகிறான்.

பள்ளிக்கூடத்தில் அவனைப் பற்றிக் கேட்டபோது "அடுத்த வருசம் பாப்பம்" என்றார்களாம். எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. 5 முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம், இந்தப் பிள்ளைகளும் அதற்குள் அடக்கம். சாதாரண பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் விசேட கல்வி அலகு இருக்கிறது, எதில் இருக்கிறது, எதில் இப்போது ஆசிரியர் இருக்கிறார் என்பது வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவருக்குத் தெரியும். அதிபரிடம் மன்றாடுவதை விட அங்கே எழுத்தில் கொடுத்துப் பிரதி வாங்குவது நல்லது. பிள்ளையை யாராவது அடித்தாலோ துன்புறுத்தினாலோ 1929, நாள் முழுக்க எடுக்கலாம். வீட்டில் பார்த்துக்கொள்கிற நமக்கே தாங்க முடியாமல் போனால் 1926, அது மனநலத்துக்கான இலக்கம், நான் ஒரு இரவு எடுத்திருக்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எனக்குப் பிறகு தம்பி எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. வீடு அம்மாவின் பெயரில் இருந்தது, அதில் தம்பிக்கும் பங்கு இருக்கிறது, அவன் பங்கை யாரும் கையெழுத்து வாங்கி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போனேன். வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, அது நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள், காணி உறுதியையும் பையையும் திறந்து, ஒவ்வொரு தாளும் என்ன என்று அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நான் அம்மாவிடம் அதை ஒருநாளும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை மறுபடி பிரதேச செயலகத்துக்குப் போனோம். மறுபடியும் புதிய உத்தியோகத்தர். "இவருக்கு என்ன?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்க முதல் தம்பி நீலக் ஃபைலை இரண்டு கையாலும் அவருடைய மேசையில் வைத்தான். அவர் முதல் தாளை வாசித்தார், பிறகு அவனைப் பார்த்து அவன் பெயரைச் சொன்னார். புதிதாக ஒரு போட்டோ வேண்டுமாம். நாளைக்கு அதே ஸ்டூடியோவுக்குப் போகிறோம், நீலச் சட்டைதான் போடவேண்டும் என்று இப்போதே எடுத்துக் கதிரையில் விரித்து வைத்திருக்கிறான்.